ரூனை ஏற்றும் முன் கணக்குப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் செல்பேசி விளையாட்டுகளைப் பற்றி வந்த குறிப்பில், 'சம்மனர்ஸ் வார்' ஆடுபவர்களுக்கு ஒரு யோசனை சொல்லப்பட்டிருந்தது. இதில் நமக்காகச் சண்டையிடும் மான்ஸ்டர்களுக்கு அணிவிக்கும் வலிமைக் கல்தான் ரூன். 6 நட்சத்திர (உயர்தர) ரூன் கையில் கிடைத்தால் யோசிக்காமல் கடைசிப் படியான +15 வரை ஏற்றிவிட வேண்டும் என்பது அதன் சாரம். அந்த யோசனையைப் பின்பற்றினால் நட்டம்தான். தென் கொரியாவின் காம்டூஸ் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட இந்த விளையாட்டை மதுரையில் கல்லூரிப் பிள்ளைகள் விடுதி அறையிலும், மாட்டுத்தாவணியில் பேருந்துக்கு நிற்கும் நேரத்திலும் ஆடுகிறார்கள். அவர்களிடம் ஓயாமல் கேட்கும் குறை, மானா (ரூனை ஏற்றச் செலவாகும் விளையாட்டுப் பணம்) போதவில்லை என்பது. மானா தீர்ந்தால் விளையாட்டின் இன்னொரு நாணயமான கிரிஸ்டலைக் கொடுத்து மானா வாங்குகிறார்கள். கிரிஸ்டலும் தீர்ந்தால் அடுத்து அப்பாவின் கணக்கிலிருந்து பணம் போகிறது. இத்தனைக்கும் பெரிய காரணம், ஏற்றக்கூடாத ரூனை ஏற்றுவது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறோம்.

ஒரு மான்ஸ்டருக்கு ஆறு ரூன் ஸ்லாட்கள், அதாவது ரூன் பொருத்தும் இடங்கள். 1, 3, 5 ஆகிய ஸ்லாட்களில் மெயின் எண் (ரூனின் முதன்மை எண்) எந்த வகை என்பது மாறாது: முறையே அட்டாக் (தாக்கும் வலு), டிஃபென்ஸ் (தடுக்கும் வலு), ஹெச்பி (உயிர்ப் புள்ளி), மூன்றும் சதவீதம் அல்லாத நேரடி எண்கள். 2, 4, 6 ஸ்லாட்களில்தான் மெயின் மாறும். யார் முந்தி அடிப்பது என்பதைத் தீர்மானிக்கும் ஸ்பீடு, மெயினாக 2-இல் மட்டும் வரும். கிரிட் ரேட் (பலத்த அடி விழும் வாய்ப்பு), கிரிட் டேமேஜ் (அந்த அடியின் கூடுதல் வலு) 4-இல் மட்டும். அக்யூரசி (எதிரி மேல் பாதிப்பு ஏற்றும் திறன்), ரெசிஸ்டன்ஸ் (அந்தப் பாதிப்பைத் தவிர்க்கும் திறன்) 6-இல் மட்டும். இந்த மூன்று ஸ்லாட்களில் நேரடி அட்டாக், நேரடி ஹெச்பி போன்ற மெயின் வந்தால், சப் எண்கள் (மெயினோடு வரும் துணை எண்கள்) அபூர்வமாக இருந்தாலொழிய விற்றுவிடலாம். ரூனில் வரும் சதவீதம் மான்ஸ்டரின் அடிப்படை எண்ணின் மேல்தான் கணக்கிடப்படும். அடிப்படை அட்டாக் 800 உள்ள மான்ஸ்டருக்கு 63 சதவீத மெயின் 504 தருகிறது. நேரடி மெயின் +15-இலும் 160-தான். சப் எண்ணிலும் இதே கதை. ஒரு முறை ஏறும்போது சதவீத அட்டாக் அதிகபட்சம் 8, அதாவது 64 புள்ளி. நேரடி அட்டாக் அதிகபட்சம் 20 புள்ளி.

+15 பற்றிய விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு படியிலும் மெயின் சிறிது சிறிதாக ஏறி, கடைசிப் படியில் மட்டும் தாவும். 6 நட்சத்திர ரூனில் சதவீத ஹெச்பி +12-இல் 47, +14-இல் 53, +15-இல் 63. ஸ்பீடு +12-இல் 31, +15-இல் 42. ஆகவே 2, 4, 6 ஸ்லாட்களுக்கு, தேறிய ரூன் என்றால் +15 அவசியம். 1, 3, 5 ஸ்லாட்களுக்கு அந்த அவசரம் இல்லை. நேரடி அட்டாக் 118-இலிருந்து 160-க்குப் போவதால் பெரும்பாலான மான்ஸ்டர்களுக்குப் பெரிய மாற்றம் வராது. சப் எண்கள் ஏறும் வேலை +12-லேயே முடிந்துவிடும். மேலே போகப் போக ஏற்றம் தோற்பதும் கூடும். தோற்றால் ரூன் உடையாது, படியும் இறங்காது. ஆனால் மானா திரும்பாது. மானா குறைவாக உள்ளவர்கள் 1, 3, 5 ஸ்லாட்களை +12-இல் நிறுத்திவிட்டு, மிச்ச மானாவை மற்ற மூன்றுக்குச் செலவிட வேண்டும்.

எந்த ரூன் தேறும், எது தேறாது என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குவதில்லை. ரூனுக்குப் பல் அதன் சப் எண்கள். ரூன்களில் உயர்ந்த வகையான லெஜண்டில் நான்கு சப் இருக்கும். +3, +6, +9, +12 என்று நான்கு முறை, அந்த நான்கில் ஏதோ ஒன்று ஏறும். அடுத்த வகையான ஹீரோ ரூனில் மூன்று சப். மூன்று முறை ஏறிய பின் +12-இல் நான்காவது சப் புதிதாக முளைக்கும். அதற்கும் கீழான ரேர் ரூனில் இரண்டே சப். இரண்டு முறை ஏறி, +9-இலும் +12-இலும் புதியவை சேரும். 6 நட்சத்திரத்தில் ஸ்பீடு சப் 4 முதல் 6 வரையிலான எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் அதே அளவு ஏறும். ஆகவே ஸ்பீடு சப்புடன் கிடைத்த லெஜண்டில் அது எட்டக்கூடிய உச்சம் 30, ஹீரோவில் 24, ரேரில் 18.

உச்சத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. நான்கு சப்புக்கும் சம வாய்ப்பு என்று கொண்டால், லெஜண்ட் ரூனில் நான்கு முறையும் ஸ்பீடே ஏற 256-இல் ஒரு வாய்ப்புதான். ஒரு முறைகூட ஸ்பீடு ஏறாமல் போக 100-இல் சுமார் 32 வாய்ப்பு இருக்கிறது. மூன்று லெஜண்ட் ரூனை ஏற்றினால் ஏறக்குறைய ஒன்று இப்படிப் போகும். அதனால் ஒரே மூச்சில் +12-க்குப் போகாமல், மூன்று மூன்று படியாக நின்று பார்க்க வேண்டும். எங்கள் அளவுகோல் இது: +6-இல் இரண்டு ஏற்றமும் வேண்டாத சப்பில் விழுந்தால் அங்கேயே விற்றுவிட வேண்டும். +9-இல் மூன்றில் ஒன்றுதான் வேண்டியதில் விழுந்தது என்றால், அது ஸ்பீடாக இருந்தால் மட்டும் தொடரலாம். இதைக் கடைப்பிடித்தால் தேறாத ரூனுக்கு மேல்படிச் செலவு மிஞ்சும். மானா அதிகம் கரைவது அந்த மேல்படிகளில்தான்.

ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் 5 நட்சத்திர ரூனை ஒதுக்க வேண்டியதில்லை. 2-ஆம் ஸ்லாட்டில் ஸ்பீடு மெயின் 5 நட்சத்திரத்திலும் 39 வரை போகும். 6 நட்சத்திரத்துக்கும் அதற்கும் மூன்றே புள்ளி வித்தியாசம். ஆனால் சதவீத ஹெச்பியில் 51-க்கும் 63-க்கும் இடைவெளி பெரிது, அங்கே 6 நட்சத்திரத்துக்குக் காத்திருக்கலாம்.

ரூனின் தரத்தை ஒரே எண்ணில் சொல்லும் 'எஃபிஷியன்சி' கணக்கைப் பலர் நம்புகிறார்கள். ஒவ்வொரு சப்பையும், தொடக்கமும் நான்கு ஏற்றமும் சேர்ந்த அதன் ஐந்து முறை உச்சத்தால் வகுத்து (ஸ்பீடு, கிரிட் ரேட் என்றால் 30, சதவீத ஹெச்பி, அட்டாக், டிஃபென்ஸ், அக்யூரசி, ரெசிஸ்டன்ஸ் என்றால் 40), எல்லாவற்றையும் கூட்டி, மெயினுக்கு 1 சேர்த்து, 2.8-ஆல் வகுப்பது அந்தக் கணக்கு. ஸ்பீடு 17, ஹெச்பி 13, அக்யூரசி 12, கிரிட் ரேட் 5 உள்ள ரூனுக்கு இது 84 சதவீதம் காட்டும். இன்னொரு ரூனில் ஸ்பீடு 11, ஹெச்பி 14, டிஃபென்ஸ் 15, ரெசிஸ்டன்ஸ் 9 இருந்தால் சுமார் 83. முதல் ரூன்தான் மேல் என்று தோன்றும். ஆனால் அடிபட்டுத் தாங்கிக் குணப்படுத்துவது மட்டுமே வேலையாக உள்ள மான்ஸ்டருக்குக் கிரிட் ரேட்டும் அக்யூரசியும் பயன்படாது. அந்த இரண்டையும் கழித்தால் முதல் ரூன் 68-க்கு இறங்கிவிடும். இரண்டாவது 83-லேயே நிற்கும். யாருக்குப் போடுகிறோம் என்று முடிவு செய்த பிறகுதான் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

தாக்கும் மான்ஸ்டருக்கு ஒரு கணக்கு. அடிப்படை அட்டாக் 800, ரூன்களோடு 2,000. கிரிட் ரேட் 70, கிரிட் டேமேஜ் 130 என்று வைத்துக்கொள்வோம். திறன் ஏற்றத்தால் வரும் கூடுதலை விட்டுப் பார்த்தால், சராசரி அடி, கிரிட் இல்லாத அடியைப் போல் 1.91 மடங்கு. இதில் கிரிட் ரேட் 6 கூடினால் அடி 4.1 சதவீதம் உயர்கிறது. சதவீத அட்டாக் 8 கூடினால் 3.2. கிரிட் டேமேஜ் 7 கூடினால் 2.6-தான். கிரிட் டேமேஜ் எண் பெரிதாகத் தெரிவதால் அதன் பின்னால் ஓடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிரிட் ரேட்டுக்கு 100 எல்லை. அதற்கு மேல் ஒரு புள்ளியும் பயனில்லை. மான்ஸ்டருக்குப் பிறவியிலேயே 15, பிளேடு செட் (ஒரே வகை ரூன்கள் சேர்ந்தால் வரும் கூடுதல்) 12, 4-ஆம் ஸ்லாட் மெயின் 58 என்றால் 85 ஆகிவிட்டது; மிச்சம் 15 சப்பில் போதும்.

தாங்கும் மான்ஸ்டருக்கு ஹெச்பியா டிஃபென்ஸா? விழும் அடியை 1000-ஆல் பெருக்கி, 1140-உடன் டிஃபென்ஸின் 3.5 மடங்கைக் கூட்டி வகுப்பது ஆடுபவர்கள் சோதித்துக் கண்ட வாய்ப்பாடு. ஹெச்பி 20,000, டிஃபென்ஸ் 700 உள்ள மான்ஸ்டர் 71,800 அளவு அடியைத் தாங்கும். அடிப்படை ஹெச்பி 10,000-இல் 8 சதவீதம் கூட்டினால் 74,672 ஆகிறது. அடிப்படை டிஃபென்ஸ் 600-இல் 8 சதவீதம் கூட்டினால் 75,160. இங்கே டிஃபென்ஸ் முந்துகிறது. ஆனால் எதிரி டிஃபென்ஸை உடைத்துவிட்டாலோ, அதைப் பொருட்படுத்தாமல் அடிக்கும் திறனோடு வந்தாலோ ஹெச்பிதான் காக்கும்.

ரூனை மாற்றும்போது நடக்கும் இரண்டு தவறுகளைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று, செட் உடைவது. ஸ்விஃப்ட் செட்டுக்கு நான்கு ரூன் வேண்டும். அடிப்படை ஸ்பீடு 100 உள்ள மான்ஸ்டருக்கு அது 25 தருகிறது. அதில் ஒன்றைக் கழற்றி, 6 புள்ளி ஸ்பீடு கூடுதலாக உள்ள வேறு செட் ரூனைப் போட்டால் 19 புள்ளி நட்டம். மற்றது, வரிசை குலைவது. எதிரியின் டிஃபென்ஸை உடைப்பவர் 180 ஸ்பீடிலும் அடிப்பவர் 170-இலும் இருக்கும் அணியில், நல்ல ரூன் கிடைத்தது என்று அடிப்பவரை 190-க்கு ஏற்றினால், உடைப்பதற்கு முன்பே அவர் அடித்துவிடுவார். ரூன் உயர்ந்தும் அணி தோற்பது இதனால்தான். கழற்றுவதற்கும் மானா செலவு உண்டு. இலவசமாகக் கழற்ற விடும் நாள் அறிவிக்கப்படும்போது, மாற்றங்களை முன்பே எழுதி வைத்துக்கொண்டு மொத்தமாகச் செய்வது நல்லது.

கடைசியாக, ரெய்டில் (பலர் சேர்ந்து ஆடும் சண்டையில்) கிடைக்கும் கிரைண்ட் கல்லும் ஜெம்மும். கிரைண்ட் கல் ஸ்பீடு, ஹெச்பி, அட்டாக், டிஃபென்ஸ் சப்களை மட்டும் உயர்த்தும். கிரிட், அக்யூரசி, ரெசிஸ்டன்ஸ் சப்களில் செல்லாது. ஜெம் ஒரு சப்பை வேறொன்றாக மாற்றும். ஒரு ரூனில் ஒரே ஒரு சப்பைத்தான் அப்படி மாற்றலாம். ஆகவே மூன்று நல்ல சப்பும், ஒருமுறைகூட ஏறாத ஒரு வேண்டாத சப்பும் உள்ள ரூனை விற்றுவிடாதீர்கள். அந்த ஒன்றை ஜெம்மால் மாற்றிக்கொள்ளலாம்.

மாணவர் பக்கத்தின் அடுத்த இதழில், உடனே +15-க்கு ஏற்றச் சொன்ன யோசனைக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறோம். இடம் குறைவென்றால், +6-இலும் +9-இலும் நின்று பார்க்கச் சொல்லும் பகுதியை மட்டுமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சம்மனர்ஸ் வார் ஆடும் வாசகர்கள் சிலர்,
கே.கே. நகர், மதுரை.