நகராட்சி மைதானத்தில் மாணவியர் கிரிக்கெட் பயிற்சிக்கு நேரமும் ஆடுகளமும் ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பணி நிறைவு பெற்ற உடற்கல்வி ஆசிரியை, மற்றும் பயிற்சி பெறும் 14 மாணவியரின் பெற்றோர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: நகராட்சி மைதானம் – மாணவியர் கிரிக்கெட் பயிற்சி – காலை நேரம், சிமென்ட் ஆடுகளம், கழிப்பறை வசதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நான் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, விவரமாக எழுதித் தரும்படி தாங்கள் கூறினீர்கள். அன்று வரிசையில் எனக்கு முன்னால் பட்டா மாறுதலுக்காகக் காத்திருந்த பெரியவர் ஒருவர், "பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டா? இது எப்போது வந்த பழக்கம்?" என்று கேட்டார். இந்த மனு பாதி அவருக்கும் பதில்தான்.

இது நேற்று வந்த பழக்கமல்ல. இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் 1973-இல் லக்னோவில் பதிவானது. அதே ஆண்டு புனேயில் முதல் தேசியப் போட்டி நடந்தபோது வந்த அணிகள் மூன்றே மூன்று. அடுத்த மூன்றாண்டுகளில், 1976-இல், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இந்தியப் பெண்கள் தங்கள் முதல் டெஸ்ட் தொடரை ஆடினார்கள். அந்த அணியில் சென்னையிலிருந்து சென்ற சுதா ஷா, சூசன் இட்டிச்செரியா, விக்கெட் கீப்பர் ஃபவ்ஸியே கலீலி ஆகியோர் இருந்தார்கள். சுதா ஷா 21 டெஸ்ட்கள் ஆடி, பின்னர் 2005 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை சென்ற இந்திய அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் போனதையும், ஒரே மட்டையைப் பலர் மாற்றி மாற்றிப் பிடித்ததையும் அக்கால ஆட்டக்காரர்கள் பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

2006-இல் பெண்கள் சங்கம் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தோடு இணைந்த பிறகு, மாநில அணி தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் பொறுப்பில் வந்தது. அடுத்த தலைமுறைக்கு அடையாளம் திருஷ் காமினி. 2013 உலகக் கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவர் அடித்த சதம், உலகக் கோப்பையில் இந்தியப் பெண் ஒருவர் அடித்த முதல் சதம். மறு ஆண்டு மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் 192 ரன்கள். வேகப்பந்து வீச்சாளர் நிரஞ்சனா நாகராஜனும் அதே காலத்தவர். சென்னையில் பிறந்த ஹேமலதாவோ உள்நாட்டுப் போட்டிகளில் ரயில்வே அணிக்கு ஆடுகிறார். நிரந்தர வேலை தந்து ரயில்வே பல மாநிலங்களின் நல்ல ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டது. குடும்பம் நடத்த வேண்டியவர்களை அதற்காகக் குறை சொல்ல முடியாது.

இனி எங்கள் கோரிக்கைக்கு வருகிறேன். மதுரையைச் சேர்ந்த கமாலினியை 2024 டிசம்பரில் பெண்கள் பிரீமியர் லீக் ஏலத்தில் மும்பை அணி 1.6 கோடி ரூபாய்க்கு எடுத்தபோது அவருக்கு வயது 16. இரண்டே மாதத்தில் மலேசியாவில் இந்தியா வென்ற 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் ஆட்டமிழக்காமல் 56 ரன்கள் எடுத்தார். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் பிள்ளைகள் நாளிதழைக் கத்தரித்து மட்டைப் பையில் ஒட்டிக்கொண்டார்கள். ஆனால் அந்த இடத்தை அடைய அவருடைய குடும்பம் மதுரையை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. நான் மேலே எழுதிய பெயர்களைத் தாங்கள் மீண்டும் பார்த்தால் தெரியும்: ஏறக்குறைய எல்லோரும் சென்னை. திறமை அங்கே மட்டும் பிறக்கிறது என்று நான் நம்பவில்லை. ஆடுகளமும் வலையும் பயிற்சியாளரும் அங்கே இருக்கின்றன. என்னிடம் வரும் 14 பேரில் எந்தத் தகப்பனாலும் வீட்டைக் காலி செய்துகொண்டு சென்னைக்குப் போக முடியாது. ஒருவர் தறி ஓட்டுகிறார், ஒருவர் இட்லிக் கடை வைத்திருக்கிறார்.

எங்கள் மைதானத்தின் நிலை இதுதான். காலையில் ஆண்கள் அணிகள் மூன்று ஆடுகின்றன. அவர்கள் விட்டுத்தரும் இடம், கிழக்கு மூலையில் குப்பைத் தொட்டிக்கு அருகே. அங்கே சணல் மேட்டிங் விரித்து நாலு பக்கமும் ஆணி அடிக்கிறோம். கீழே மண் மேடு பள்ளம். நல்ல அளவில் விழும் பந்து ஒன்று கணுக்காலுக்கு வரும், அடுத்தது முகத்துக்கு வரும். ஜனவரியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குப் புருவத்தில் நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. ஆண்டுதோறும் மைதானம் பொருட்காட்சிக்கு வாடகைக்குப் போகிறது. அது முடிந்த பின் கூடாரம் அடித்த குழிகளும் கண்ணாடித் துண்டுகளும் மிஞ்சுகின்றன; முதல் ஒரு வாரம் எங்கள் பயிற்சி அவற்றைப் பொறுக்குவதுதான். பெண்கள் கழிப்பறை இருக்கிறது, பூட்டியிருக்கிறது. சாவி வைத்திருப்பவர் எட்டு மணிக்கு வருகிறார், பிள்ளைகள் ஏழரைக்குப் பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதனால் காலையில் தண்ணீர் குடிக்காமலே வருகிறார்கள். இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்கள் ஆடும் பந்து எடை குறைவு, 140 முதல் 151 கிராம். ஆண்கள் பந்து 156 கிராமுக்குக் குறையாது. நம் ஊர்க் கடையில் பெண்களுக்கான பந்து கிடைப்பதில்லை. கனமான பந்தில் பழகிவிட்டு மாவட்டத் தேர்வுக்குப் போகும் பிள்ளை, அங்கே லேசான பந்தை வீசும்போது அளவு பிசகித் தடுமாறுகிறாள்.

ஆகவே, செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் காலை 5.30 முதல் 7.15 வரை மைதானத்தின் நடுப்பகுதியை மாணவியருக்கு எழுத்துமூலம் ஒதுக்கவும், 22 கஜ நீளத்துக்கு ஒரு சிமென்ட் தளமும் அதைச் சுற்றி வலையும் அமைத்துத் தரவும், அந்நாட்களில் கழிப்பறைச் சாவியை எங்களில் ஒருவரிடம் ஒப்படைக்கவும், பொருட்காட்சி ஏல நிபந்தனைகளில் தரையைச் சீர்செய்து ஒப்படைக்கும் பொறுப்பைச் சேர்க்கவும் தங்களைப் பணிந்து வேண்டுகிறோம். மேட்டிங்கும் பந்துகளும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம். பயிற்சிக்கு நான் ஊதியம் கேட்கவில்லை. சிமென்ட் தளம் இந்த நிதியாண்டில் இயலாதெனில் நேரமும் சாவியும் மட்டுமாவது உடனே கிடைத்தால் போதும். அவற்றுக்குச் செலவில்லை.

அடுத்த பொருட்காட்சிக்கான ஏல அறிவிப்பு வெளிவருவதற்கு முன் தாங்கள் ஒரு நாள் காலை மைதானத்துக்கு நேரில் வந்து பார்த்தால் நன்று. நாங்கள் குப்பைத் தொட்டி அருகேதான் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: பெற்றோர் 14 பேரின் கையொப்பம்; ஆடுகளத்தின் புகைப்படங்கள்.