மில் ஏன் 11 வாரம் பூட்டியிருந்தது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டில் நம்முடைய மாவு மில் 11 வாரம் பூட்டிக் கிடந்தது. 'உடல்நலக் குறைவால் விடுமுறை' என்று கதவில் ஓர் அட்டை மட்டும் தொங்கியது. தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் மிளகாய் மூட்டையோடு வந்து திரும்பிப் போனவர்கள் பலர். கடை கைமாறிவிட்டது என்றுகூடச் சிலர் பேசிக்கொண்டார்களாம். இப்போது திறந்துவிட்டோம், ஆனால் நேரம் மாறியிருக்கிறது, மிளகாய் அரைக்கும் நாள் மாறியிருக்கிறது, மூட்டையை இறக்க நான் எழுந்து வருவதில்லை. அப்பா காலத்திலிருந்து வருகிற உங்களுக்குக் காரணம் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

எனக்கு மலக்குடலில் புற்றுநோய் வந்தது. வயது 54. ஏழெட்டு மாதமாக மலத்தோடு இரத்தம் போனது. நான் முதலில் காட்டிய கிளினிக்கில் மூலம் என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்கள். எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவுவதைப் பார்த்துவிட்டு என் மனைவிதான் கடையைப் பாதி நாளில் அடைக்கச் சொல்லி ஈப்போவுக்குக் கூட்டிப் போனார். ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் கட்டி தெரிந்தது.

அறுவை சிகிச்சை ஆறு மணி நேரம் நடந்தது. கட்டியோடு குடலில் ஒரு துண்டையும் பக்கத்திலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டு, மீதிக் குடலைச் சேர்த்துத் தைத்தார்கள். அந்தத் தையல் ஆறும்வரை அதன் வழியாக மலம் போகக்கூடாது. அதற்காகச் சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். அதன் மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். சில மாதம் கழித்து இன்னொரு சிறிய அறுவை செய்து உள்ளே வைத்துவிடுவார்கள். எடுத்த முடிச்சுகளில் நோய் இல்லை என்று அறிக்கை வந்தது, அதனால் கீமோ வேண்டியிருக்கவில்லை. அந்தத் தாளை என் மனைவி சாமி மேடையில் வைத்திருக்கிறார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து உள்ளே போனால் மன்னியுங்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கனம் ஏறினால் ஒட்டு விட்டுவிடும்.

வீட்டில் முதல் தடவை பை மாற்றிய நாள் மறக்காது. நர்ஸ் காட்டிக் கொடுத்தபோது எளிதாகத் தெரிந்தது. வீட்டில் கழற்றியதும், கன்னத்தின் உட்புறம்போல் சிவந்த ஈரமான குடலைப் பார்த்து நானும் மனைவியும் அப்படியே நின்றுவிட்டோம். அதைத் தொட்டால் வலிக்காது, ஆனாலும் தொட மனம் வரவில்லை. விடுப்பு எடுத்து வந்திருந்த மகள்தான் அளவு அட்டையை வைத்துப் பார்த்து, சின்னக் கத்தரிக்கோலால் ஒட்டுத் தகட்டில் வட்டமாக வெட்டினாள். சுற்றியுள்ள தோலைத் துடைத்து, விசிறியால் விசிறி உலர வைத்தாள். தகட்டை ஒட்டியதும் அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள், கைச்சூட்டில்தான் அது நன்றாகப் பிடிக்குமாம். இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. பெற்ற பிள்ளை முன்னால் அப்படிப் படுத்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கையை எடுத்துவிட்டு, "அப்பா, பசியாறுங்க, இட்லி ஆறுது" என்றாள். அன்றைக்கு அந்த வெட்கம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் மறுநாளே எழுப்பி நடக்க வைத்தார்கள். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் கட்டும், நெஞ்சில் சளி தேங்கும். மூன்று பந்து வைத்த ஒரு டப்பாவைக் கொடுத்து, மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே ஏற்றச் சொன்னார்கள். இருமும்போதுதான் உயிர் போகும். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார்கள். என் மனைவி பழைய சேலையை மடித்துச் சின்னதாக ஒன்று தைத்துக் கொண்டுவந்தார். அது இப்போதும் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மிளகாய் நாள் மாறியதற்கு இந்த இருமல்தான் காரணம். மில்லில் மிளகாய் நெடி எப்படி ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். அறுத்த வயிறு உள்ளே முழுதாகக் கூடி வருவதற்குள் இருமி இருமித் திணறினால் குடல் பிதுங்கிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். அதனால் மிளகாயும் கறி மசாலாவும் சனிக்கிழமை காலையில் மட்டும்தான். அன்றைக்கு மச்சான் வந்து ஓட்டுவார், நான் வீட்டில் இருப்பேன். மல்லி, மஞ்சள், அரிசி மாவு, உளுந்து மாவு மற்ற நாட்களில் காலை 8 முதல் மதியம் 1 வரை. ஞாயிறு விடுமுறை.

அப்புறம், ஐந்து கிலோவுக்கு மேல் நான் தூக்கக்கூடாது. தயவுசெய்து அரிசியை இரண்டு மூன்று பையாகப் பிரித்துக் கொண்டுவாருங்கள், நீங்களே தராசில் வைத்துவிடுங்கள்.

நீங்கள் வீட்டுக்கு அனுப்பிய சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீரை, தேங்காய்ச் சம்பல், அவித்த சோளம் என்று எத்தனை பேர்! இந்தப் பை இருக்கும்வரை நார் அதிகமுள்ளது குழாயில் சிக்குவதுபோல் குடலில் சிக்கிக்கொள்ளும், அதனால் வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டார்கள். உப்பும் நீரும் உடம்பிலிருந்து அதிகம் வெளியேறுவதால் வெறும் தண்ணீரை நிறையக் குடித்தாலும் சோர்வுதான் வரும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சிதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. லயத்திலிருந்து ஓர் அக்கா மூன்று வாரம் அதை வடித்துத் தூக்குச் சட்டியில் கொடுத்துவிட்டார். பற்று நோட்டில் பாக்கி இருந்தவர்களில் பலர் கேட்காமலே வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கொடுத்தது 17 வெள்ளி, தீபாவளிக் கணக்கு. அவர் பால் வெட்டிய சம்பளத்தில் அது எவ்வளவு என்று எனக்குத் தெரியும், என் அப்பாவும் பால் வெட்டியவர்தான். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தபோது சேமநிதிப் பணத்தை எடுத்து இந்த மில்லைப் போட்டார்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இரத்தம் போனால் மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். எந்த அறிகுறியும் தெரியாவிட்டாலும், 50 வயது ஆனவர்கள் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் கேட்டால், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு சின்னக் குப்பியில் மாதிரி கொடுத்தால் போதும். உடன்பிறந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று டாக்டர் சொன்னதால் என் தம்பியையும் கொலோனோஸ்கோப்பிக்கு அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போய் வந்தான்.

இரண்டாவது அறுவைக்கு நாள் கொடுத்ததும் கதவில் எழுதி ஒட்டுகிறேன். அப்போது கடையை என் மனைவி பார்த்துக்கொள்வார். தீபாவளி முறுக்கு மாவுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். மிளகாயைக் காம்பு கிள்ளி, முறுக முறுகக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். ஈரம் இருந்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும், அதைக் குனிந்து கழற்ற இப்போதைக்கு என்னால் முடியாது.

இப்படிக்கு,
உங்கள் மில்காரர்