உன் பழைய மடிக்கணினி பற்றி

சுங்கை சிப்புட், மலேசியா,
18.1.2026

அன்புத் தோழிக்கு,

பொங்கலுக்கு முதல் நாள் உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து இப்போது படியேற முடிகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லாரும் சுகம். சில வருடங்களுக்குப் பிறகு பள்ளிக்கூடம் மறுபடி ஜனவரியில் திறந்திருக்கிறது. 12ஆம் தேதி காலையில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் புதுச் சப்பாத்தோடு பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்தபோது, நானும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும் போலிருந்தது. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போகிறேன். உன் பேரிலும் ஓர் அர்ச்சனை செய்துவிடுகிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் மடிக்கணினியில் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. கடையில் கேட்டால் புதுசு வாங்கச் சொல்கிறார்கள். உன் மகனோ விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் லைட்டான ஒன்றைப் போடச் சொல்கிறான். யார் பேச்சைக் கேட்பது என்று எழுதியிருந்தாய். இதே குழப்பத்தில் போன வருடம் நான் மூன்று மாதம் கிடந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பயப்படாதே. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. கணினி அதனால் நின்றுபோகாது. ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. நீ அதில்தான் வங்கிக் கணக்கைத் திறக்கிறாய் என்பதால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. பதிவு செய்துகொள்கிறவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்புத் தருகிறது. அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும், இன்றைக்கே பதிவு செய். யோசிக்க ஒன்பது மாதம் கிடைக்கும்.

விண்டோஸ் 11ஐ நம் மாதிரிப் பழைய பெட்டிகளில் மறந்துவிடலாம். என்னுடையது 2012இல் வாங்கியது, மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 சில்லு. விண்டோஸ் 11 கேட்பதோ பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட இன்டெல் சில்லு, அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஏற்றினால் அப்டேட் வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. அப்டேட்டுக்காகத்தானே இத்தனை பாடும்? அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அப்புறம் மகன் சொன்ன லைட். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். பப்பி லினக்ஸ், ஆன்டிஎக்ஸ், லுபுண்டு என்று ஒவ்வொன்றையும் பெண்டிரைவில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். எல்லாமே சிட்டாய்ப் பறந்தன. ஆனால் உலாவியைத் திறந்து ஒரு பக்கம் செய்தி, ஒரு பக்கம் யூடியூப், ஒரு பக்கம் மின்னஞ்சல் என்று வைத்ததும் நாலு ஜிபி ரேம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்) நிறைந்து எல்லாம் ஒரே மாதிரி திணறின. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்போது ரேமை விழுங்குவது பெரும்பாலும் உலாவி. இயங்குதளத்தை எவ்வளவு மெலிதாக்கினாலும், அதன்மேல் திறக்கும் இணையப் பக்கங்கள் மெலிவதில்லை. ஆகவே எது மிக லேசானது என்று தேடி அலையாதே. எதற்கு இன்னும் பல வருடம் திருத்தங்கள் வரும், கெட்டுப்போனால் பக்கத்தில் யார் பார்ப்பார்கள், இந்த இரண்டையும் கேள்.

வேகம் வேண்டுமா, ஹார்ட் டிஸ்கை மாற்று. பழைய ஹார்ட் டிஸ்கில் தட்டு சுழலும், அதன்மேல் ஒரு ஊசிமுனை இங்கும் அங்கும் ஓடி ஒவ்வொரு கோப்பாய்த் தேடி எடுக்கும். அதற்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது. நான் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், பழைய சாமான் கடையில் நாலு ஜிபி ரேம் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து நூற்று முப்பது வெள்ளி (ரிங்கிட்) ஆனது. முன்பெல்லாம் சுவிட்சைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி கலக்கி வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். இப்போது நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் தயாராகிவிடுகிறது. இன்னொன்று, பழைய ஹார்ட் டிஸ்கை அழிக்கவில்லை. விண்டோஸோடு அப்படியே கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். புதுசு பிடிக்காவிட்டால் பழையதை மாட்டிக்கொள்ளலாம் என்ற தைரியம் இருந்ததால்தான் துணிந்து இறங்கினேன். நீயும் அப்படியே செய்.

கடைசியில் நான் போட்டது லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான திரை அமைப்பு உள்ள பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. இடது மூலையில் மெனு, கீழே பட்டை, நாம் பழகிய இடத்திலேயே எல்லாம் இருக்கிறது. எங்கள் பெக்கானில் (கடைத்தெருவில்) கணினி பழுது பார்க்கும் தம்பி, ஆறாம் ஆண்டில் என்னிடம் படித்தவன், வீட்டில் அதையே ஓட்டுகிறான். என் தேர்வில் பாதி அதனால்தான். உங்கள் குளுவாங்கில் உனக்கு உதவக்கூடியவருக்கு உபுண்டு, டெபியன் மாதிரி வேறு லினக்ஸ் பழக்கம் என்றால் அதையே எடுத்துக்கொள், நான் ஒன்றும் வருத்தப்பட மாட்டேன். ஒன்றே ஒன்று பார்த்துக்கொள். உன்னிடம் ஒரு குட்டி நெட்புக்கும் இருந்ததே, அது 32 பிட் என்ற பழைய வகைச் சில்லாக இருந்தால் வழி சுருங்கிவிட்டது. டெபியனே 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் கணினியில் நிறுவுவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பணம் செலவழிக்காதே.

இப்போது உண்மையாகவே முக்கியமான சங்கதி, நம் தமிழ்க் கோப்புகள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு யுபிஎஸ்ஆர் சோதனை இருந்த காலத்தில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பயிற்சித்தாள் தட்டச்சு செய்தோமே, நினைவிருக்கிறதா? சோதனையை 2021இல் எடுத்துவிட்டார்கள், ஆனால் தாள்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர இன்னும் அவைதான் கைகொடுக்கின்றன. புதுக் கணினியில் அவற்றைத் திறந்தேன். பக்கம் முழுக்க, தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். நெஞ்சு பதறிவிட்டது. பத்து வருட உழைப்பு.

தம்பிதான் விளக்கினான். அந்தக் காலத்தில் முரசு அஞ்சலில் அடித்து டிஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளைக் கணினிக்குள் எண்களாக வைக்கும் முறையில், சேமித்திருக்கிறோம். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இலேயே தொடங்கிய மென்பொருள் அது. அது இல்லாவிட்டால் அந்த நாளில் நமக்கு ஏது கணினித் தமிழ்? டிஸ்கியில் தமிழ் எழுத்துகள் ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். உரிய எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். இப்போது எல்லாம் யூனிகோடு என்ற பொதுவான குறியேற்றம். ஆச்சரியம் என்ன தெரியுமா, லினக்ஸின் உள்ளேயே குறியேற்றம் மாற்றும் ஒரு கட்டளை இருக்கிறது, அதற்கு டிஸ்கி தெரியும்! கோப்பை வெறும் உரையாகச் சேமித்து, ஒரே வரிக் கட்டளை கொடுத்தான். கறுப்புத் திரையில் முதலில் எழுந்து வந்த வரி: ‘ஆற்று நீர் ______வென ஓடியது.’ இரட்டைக்கிளவிப் பயிற்சி, நீயும் நானும் மாத முடிவில் உட்கார்ந்து தயாரித்தது. என்னை அறியாமல் ‘சலசல’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், தம்பியும் கூடவே சொன்னான்.

எல்லாம் மீளவில்லை. டிஸ்கிக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்த சில தாள்களை அந்தக் கட்டளையால் படிக்க முடியவில்லை. அவற்றின் அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்து மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறேன், பதினேழு முடிந்திருக்கிறது. உள்ளீட்டில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டேன். அ, ம, ம, ஆ என்று தட்டினால் அதுவே புள்ளி வைத்து ‘அம்மா’ என்று எழுதிவிடுகிறது. விரல் பழகிவிட்டால் வேறு எதுவும் பிடிக்காது. ஆகவே நீ எதையும் தொடுவதற்கு முன் உன் தமிழ்க் கோப்புகளை வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, பெண்டிரைவில் ஒரு பிரதி எடு. எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பழைய கணினி ஓடும்போதே ஒரு தாளில் குறித்து வை. இதைத் தள்ளிப்போடாதே.

நிறுவுவதற்கு முன்னால் பெண்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, அச்சு இயந்திரம் அசைகிறதா என்று ஒரு மணி நேரம் சோதித்துவிடு. எனக்கு வைஃபை உடனே கிடைத்தது. பழைய லேசர் அச்சு இயந்திரம் மட்டும் லினக்ஸோடு சேரவே இல்லை, இப்போது தாள்களை பிடிஎஃப் ஆக்கிப் புத்தகக் கடையில் அச்செடுக்கிறேன். உனக்கு வீட்டில் அச்சடிப்பது முக்கியம் என்றால் இதை முதலில் பார்.

போட்ட இரண்டாம் வாரம் ஒரு நாள் காலையில் எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை. எதைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கை. புது இயங்குதளம் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். தம்பி வந்து திரையின் மூலையைக் காட்டினான். தேதி, 2012 ஜனவரி 1. உள்ளே பொட்டு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கும், சிஆர்2032. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். பதின்மூன்று வருடத்தில் தீர்ந்துபோயிருக்கிறது. இணையப் பக்கங்கள் தாம் உண்மையானவை என்று காட்டும் சான்றிதழ்களுக்குத் தேதி உண்டு. கணினி 2012இல் நின்றுகொண்டு அவற்றைப் பார்த்தால் இன்னும் பிறக்காத சான்றிதழாகத் தெரியும், அதனால் நம்ப மறுக்கிறது. நகத்தால் நெம்பிப் பழையதை எடுத்துப் புதியதை அழுத்தினான், தேதியைச் சரிசெய்தான், எல்லாம் திறந்துகொண்டது. உன்னுடையதும் பத்து வருடத்தைத் தாண்டியது, பிரிக்கும்போதே மாற்றச் சொல்.

மற்றபடி பெரிய பராமரிப்பு ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்டேட் பட்டனை அழுத்துகிறேன். அதற்கு முன் டைம்ஷிஃப்ட் என்ற கருவி அன்றைய நிலையைப் பதிந்து வைக்கும். ஏதாவது தப்பானால் முந்தைய நாளுக்குத் திரும்பலாம். அது இயங்குதளத்துக்கு மட்டும்தான், உன் கோப்புகளுக்குத் தனிப் பிரதி வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து தூசி ஊதுகிறோம், போன முறை எறும்புக் கூடே இருந்தது. மூன்று மணிக்குச் செம்பனைக் காட்டுக்கு மேலே வானம் கறுத்தால் மின்கம்பியையும் இணையக் கம்பியையும் இரண்டையும் பிடுங்கிவிடுவேன். இடி இணையக் கம்பி வழியாகவும் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உன் மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டையும், உள்ளே எந்தத் தலைமுறைச் சில்லு, எத்தனை ஜிபி ரேம் என்று காட்டும் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. தம்பியிடம் காட்டி, எந்த ரேம் பொருந்தும் என்று கேட்டு எழுதுகிறேன். மாமாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
உன் மக்தாப்பு (ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி) விடுதித் தோழி