மூக்குச் சொட்டு மருந்தின் முன்பக்கத்தில் எத்தனை நாள் விடலாம் என்பதைத் தமிழில் அச்சிடக் கோரி ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
திருப்பூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
மூக்குச் சொட்டு மருந்து தயாரிக்கும் நிறுவனம்.

பொருள்: தொடர்ந்து விடக் கூடாத மருந்து என்பதைக் கண்ணில் படும்படி அச்சிடாதது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். நீங்கள் தயாரிக்கும் பெரியவர்களுக்கான மூக்குச் சொட்டு மருந்தை, அதாவது சைலோமெட்டசோலின் 0.1 சதவீதம் உள்ள 10 மி.லி. பாட்டிலை, 2024 ஜனவரியில் இருந்து 2025 ஆகஸ்ட் வரை ஒரு நாள் விடாமல் மூக்கில் விட்டேன். சில நாளோடு நிறுத்த வேண்டிய மருந்து அது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி நீங்கள் அச்சிடவும் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வேலையில் தூசி எப்போதும் உண்டு. சாயங்காலம் முகம் கழுவி மூக்கைச் சிந்தினால், அன்றைக்கு எந்தக் கலர் ஆர்டர் ஓடியதோ அந்தக் கலரில் பஞ்சு வரும். தும்மலும் தலைபாரமும் எனக்குப் பல வருடப் பழக்கம். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பேன், சரியாகிவிடும். 2024 ஜனவரியில் ஒரு சளி வந்து, சளி போன பிறகும் அடைப்பு போகவில்லை. கன்ன எலும்பும் புருவமும் சேர்ந்து வலித்தது. மெடிக்கலில் சொன்னேன். "இத விடுங்கக்கா, உடனே தொறந்துக்கும்" என்று உங்கள் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்கள். சீட்டு கேட்கவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் ராத்திரி கைகூப்பிக் கும்பிடலாம் போல இருந்தது. விட்ட சில நிமிஷத்தில் இரண்டு பக்கமும் திறந்து, விடியும் வரை வாயை மூடித் தூங்கினேன். முதலில் ஒரு தடவை விட்டால் எட்டு மணி நேரம் தாங்கும். ஒரு மாதம் கழித்து ஐந்து மணி நேரம். தீபாவளி போனஸ் வாங்கும் சமயத்தில் இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை. வேலைக்கு ஒரு பாட்டில், வீட்டுக்கு ஒரு பாட்டில், பஸ்ஸில் போகும்போது பர்சில் ஒரு பாட்டில். கடைசி ஒரு வருடத்தில் மட்டும் 40 பாட்டிலுக்கு மேல் வாங்கியிருக்கிறேன். நோய் முற்றுகிறது, அதனால் மருந்து கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றுதான் நினைத்தேன். மருந்தே அடைப்பை உண்டாக்கும் என்று யாருக்காவது தோன்றுமா?

அந்த ராத்திரிகளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று மணிக்கு விழிப்பு வரும். வாய் திறந்தே கிடந்ததால் நாக்கு அண்ணத்தோடு ஒட்டியிருக்கும். இருட்டில் கை தானாகத் தலையணைக்கு அடியில் போய்ப் பாட்டிலைத் தேடும். ஒரு நாள் அது கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. கிடைக்கும் வரை மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். மூக்கு அடைத்திருந்தது மட்டும் இல்லை, உள்ளே காய்ந்தும் போயிருந்தது. சளி வராது. உள்பக்கம் பொருக்குப் பொருக்காகக் கட்டி நிற்கும். மெதுவாக எடுத்தாலும் கூடவே ரத்தம் வரும். வேலையில் வெள்ளை பீஸைப் பார்க்கும்போது அதில் ஒரு சொட்டு விழுந்துவிடுமோ என்று பயந்து பயந்து பார்ப்பேன். செக்கிங்கில் இருப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய பயம் என்று பனியன் வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும்.

அப்புறம் வாசம் போனது. அடுப்பில் பால் பொங்கி அடிப்பிடித்துக் கரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கேஸ் கசிந்திருந்தால்?

ஆகஸ்டில் ஈ.என்.டி. டாக்டரிடம் போனேன். சதை வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் என்பார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "சொட்டு மருந்து எவ்வளவு நாளா விடுறீங்க?" என்றுதான். நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த மருந்து மூக்குக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அதனால் வீங்கிய சதை வற்றி வழி கிடைக்கிறது. நாள் கணக்கில் விட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் முன்பைவிட அதிகமாக வீங்கும். வீங்கியதால் மறுபடி விடுகிறோம், விட்டதால் மறுபடி வீங்குகிறது. இதற்கு ரைனைட்டிஸ் மெடிக்கமென்டோசா என்று ஒரு பெயரே இருக்கிறது என்றார். எனக்கு முதலில் இருந்தது தூசி அலர்ஜியும் சளியும்தானாம். மீதியை வரவழைத்தது இந்தச் சொட்டு மருந்து.

நிறுத்துவது லேசாக இல்லை. முதலில் வலது பக்கத்துக்கு மட்டும் நிறுத்தச் சொன்னார், இரண்டு வாரம் கழித்து இடது பக்கம். கூடவே ஒரு ஸ்டீராய்டு ஸ்பிரே, தினம் இரண்டு வேளை உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். அசுத்தத் தண்ணீர் மூக்கில் ஏறினால் வரும் அமீபா மூளைக்காய்ச்சல் பற்றிக் கேரளத்தில் இருந்து செய்தி வந்துகொண்டிருந்த நேரம், அதனால் நான் குழாய்த் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. முதல் ஒரு வாரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். நாலு நாள் சம்பளம் போனது. இப்போது ராத்திரி மூச்சு விட முடிகிறது. மல்லிகை வாசம் மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

இனி உங்கள் பாட்டில். என் மகள் டி.ஃபார்ம், அதாவது மருந்தாளுநர் படிப்பு, படிக்கிறாள். வீட்டில் கிடந்த பாட்டிலையும் அட்டைப்பெட்டியையும் எடுத்து, செல்போன் கேமராவில் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முன்பக்கத்தில் மருந்தின் பெயர் பெரிதாக இருக்கிறது, உடனடி நிவாரணம் என்றும் இருக்கிறது. எவ்வளவு நாள் விடலாம் என்பது பக்கவாட்டில், பார்கோடுக்குக் கீழே, ஆங்கிலத்தில், அரிசியில் பாதி உயரம்கூட இல்லாத எழுத்தில் ஒரே வரி. பாட்டிலின் வளைவில் அந்த வரி பாதி சுற்றிக்கொண்டு போகிறது. மருந்தை முகத்துக்கு மேலே பிடித்து விடுகிறவர் அந்த எழுத்தை எப்போது பார்ப்பார்? அமெரிக்காவில் இதே வகை மருந்தான ஆக்சிமெட்டசோலின் ஸ்பிரே விற்கும்போது, 3 நாளுக்கு மேல் விடாதீர்கள், அடிக்கடியோ நீண்ட நாளோ விட்டால் அடைப்பு திரும்பும், மோசமாகும் என்று எச்சரிக்கையாகவே போடுகிறார்கள் என்றும் அவள் காட்டினாள். காரணத்தோடு சொல்கிறார்கள். உங்கள் பாட்டிலில் காரணம் இல்லை. காரணம் தெரிந்திருந்தால் நான் சில நாளிலேயே நிறுத்தியிருப்பேன்.

உங்கள் வாடிக்கையாளர் எண்ணுக்கு இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை திரும்ப அழைப்பதாகச் சொன்னார்கள், அழைக்கவில்லை. இரண்டாம் முறை பேசியவர், "டாக்டர் ஆலோசனைப்படிதான் பயன்படுத்தணும்னு போட்டிருக்கோம்மா" என்று முடித்துவிட்டார். சளிக்கும் மூக்கடைப்புக்கும் யார் டாக்டர் சீட்டோடு மெடிக்கலுக்குப் போகிறார்கள்? அது உங்கள் விற்பனைப் பிரிவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எங்கள் கம்பெனியில் விசாரித்தேன். என் லைனில் மட்டும் மூன்று பேர் பர்சில் இதே பாட்டிலை வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு 22 வயது. அவளிடம் சொன்னபோது, "அக்கா, ஒரு வருஷமா விடுறேன், ஒன்னும் ஆகலையே" என்றாள். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டேதான் அதைச் சொன்னாள்.

நான் கேட்பது இதுதான். எத்தனை நாளுக்கு மேல் விடக் கூடாது, விட்டால் அடைப்பு கூடும் என்பதைப் பாட்டிலிலும் அட்டையிலும் முன்பக்கத்தில், மருந்தின் பெயருக்கு அடுத்தபடியான பெரிய எழுத்தில், தமிழ்நாட்டில் விற்பதற்குத் தமிழில் அச்சிடுங்கள். அதுவரை மெடிக்கல்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும் அதே வாசகத்தோடு ஒரு ஸ்டிக்கர் கட்டு வையுங்கள், அது நாளைக்கே செய்யக்கூடிய வேலை. விளம்பரத்தில் உடனே திறக்கும் என்று சொல்கிற அதே குரல் இதையும் சொல்லட்டும். என் மருத்துவச் செலவுக்கும் போன சம்பளத்துக்கும் கணக்கு இணைத்திருக்கிறேன், அதையும் நீங்கள் தர வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 84-ஆம் பிரிவு, சரியாகப் பயன்படுத்தப் போதுமான வழிமுறையோ தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கையோ இல்லாத பொருளால் தீங்கு வந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன். மருந்தால் ஏற்பட்ட பாதிப்பு என்று, மருந்துப் பக்கவிளைவுகளைத் தெரிவிப்பதற்கான 1800-180-3024 எண்ணில் ஏற்கெனவே தெரிவித்துவிட்டேன்.

இணைப்பு: மெடிக்கல் பில்கள், டாக்டர் சீட்டின் நகல், பாட்டிலின் பக்கவாட்டு எழுத்தை ஸ்கேல் வைத்து எடுத்த படம். கடைசியாக வாங்கிய பாட்டில் பாதி மருந்தோடு என்னிடம் அப்படியே இருக்கிறது. உங்கள் ஆள் வந்தால் காட்டத் தயார். பதிலைத் தமிழில் அனுப்புங்கள். லைனில் உள்ளவர்களிடம் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருப்பூர்.
நவம்பர் 2025