முதல் வகுப்புக்கு ஒரே ஓர் இழை

அன்புள்ள மீனாவுக்கு,

இளநிலை மாணவர்களுக்கு, டிஎன்ஏ இழையைக் காகிதம்போல மடித்து உருவம் செய்யும் டிஎன்ஏ ஓரிகாமி பாடத்தை இந்த முறை நீதான் நடத்தப்போகிறாய் என்று போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். நீ அனுப்பிய பாடத் திட்டத்தையும் படித்துவிட்டேன். முதல் வகுப்பிலேயே புற்றுநோய் செல்லை அடையாளம் காணும் நானோ ரோபோ வருகிறது. அதைக் கடைசிக்குத் தள்ளிவிடு, கண்ணு. முதல் நாளுக்கு, நீள இழையை மடக்கிப் பிடிக்கும் குட்டி இழையான ஸ்டேப்பிள் இழை ஒன்றே ஒன்று போதும்.

இந்த முறையை அறிமுகப்படுத்தி பால் ராத்மண்ட் 2006-இல் நேச்சர் இதழில் தனி ஒருவராக எழுதிய கட்டுரையையே எடுத்துக்கொள். எம்13 வைரஸின் நீளமான ஒற்றை இழையில் ஏ, டி, ஜி, சி என்று 7,000-க்கும் மேற்பட்ட வேதி எழுத்துகள். அதை மடக்கிப் பிடிக்க இருநூற்றுக்கும் அதிகமான குட்டி இழைகள். அவற்றில் பெரும்பாலானவை 32 எழுத்து நீளம். குட்டி இழை நீள இழையோடு ஒட்டும் இடமெல்லாம் இரட்டைச் சுருளாகும். நடுவிலுள்ள 16 எழுத்து ஒரு சுருளில் ஒட்டும். இரு முனைகளிலும் உள்ள எட்டெட்டு எழுத்துகள் மேலும் கீழுமுள்ள சுருள்களில் ஒட்டும். மூன்றும் சேர்ந்து நிற்கும். இப்படி ஓர் இழையை ஒவ்வொரு மாணவரும் பேனாவால் எழுதிப் பார்க்கட்டும். 'ஏ'வுக்கு 'டி', 'ஜி'க்கு 'சி' என்பது எல்லோருக்கும் தெரியும். ஜோடி இழையை எதிர்த்திசையில் எழுத வேண்டும் என்ற இடத்தில்தான் தடுமாறுவார்கள்; பிளஸ் டூ வகுப்பில் வருடா வருடம் பார்த்திருக்கிறேன். அவசரப்படுத்தாதே.

ஏன் 16 என்று யாராவது கேட்கும்வரை பொறுத்திரு. இரட்டைச் சுருள் ஏறத்தாழ பத்தரை எழுத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. 16 எழுத்து தாண்டினால் ஒன்றரைச் சுற்று முடிந்து, இழை எதிர்ப்பக்கம் வந்திருக்கும். அங்கிருந்து அடுத்த சுருளுக்கு இயல்பாகத் தாவலாம். வேறிடத்தில் தாவ வைத்தால் முறுக்கு ஏறிக் கோணிக்கொள்ளும். இரண்டு நிற உல்லன் நூலை முறுக்கிக் கையில் கொடு. எந்த நிறம் எங்கே மேலே வருகிறது என்று விரலால் தொட்டுப் பார்க்கட்டும். இது புரிந்துவிட்டால் கணினியில் வடிவமைக்கும்போது அந்தக் கோடுகள் ஏன் அங்கங்கே குறுக்கே போகின்றன என்று நீ விளக்கவே வேண்டாம்.

ஆய்வகத்தில் 95 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு ஆறவிட்டால் ராத்மண்டின் வடிவங்கள் இரண்டு மணி நேரத்துக்குள் தாமாகவே மடிந்தன. ஒரு குழாயில் மட்டும் மெக்னீசியம் உப்பு சேர்க்காமல் வை. டிஎன்ஏவின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்னூட்டம். அதைத் தணிக்காவிட்டால் சுருள்கள் ஒன்றையொன்று தள்ளும். டிஎன்ஏவைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அந்த வித்தியாசத்தை அவர்களே பார்க்கட்டும்.

இதற்குப் பிறகு இயந்திரத்துக்குப் போ. டென்மார்க்கின் ஆர்ஹூஸில் 2009-இல் செய்த மூடி வைத்த பெட்டி நல்ல தொடக்கம்: சாவியாக வேறோர் இழையைக் கொடுத்தால் பூட்டு இழை அதோடு ஒட்டிக்கொள்ளும், மூடி திறக்கும். அடுத்து, புற்றுநோய் செல்லை அடையாளம் காணும் ஹார்வர்டின் 2012 நானோ ரோபோ. அந்தக் கட்டுரையில் அதைச் சோதித்தது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில்தான் என்பதையும் கட்டாயம் சொல்லிவிடு. மருந்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு யாரும் வகுப்பைவிட்டுப் போகக் கூடாது.

பிள்ளைகள் என்னென்ன கேட்டார்கள் என்று குறித்து அனுப்பு. அப்பாவும் படிக்கக் காத்திருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா