கார் எந்த நாட்டில் செய்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனில் கராஜ் வைத்திருக்கிறேன். பழைய கார் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, “ஜப்பானா, இந்தியாவா?” என்றுதான். சேசி நம்பர் (காரில் பொறித்திருக்கும் அடையாள எண்) ‘எம்ஏ’ என்று தொடங்கினால் இந்தியா. அதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிடும்.

நாட்டைவிட, வேலை நடந்த ஒழுங்கே முக்கியம் என்பேன். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் 1982இல் மூடிய பிரீமொன்ட் தொழிற்சாலையை 1984இல் டொயோட்டாவும் சேர்ந்து திறந்தது. பெரும்பாலும் பழைய தொழிலாளர்கள்தான். ஆனால் பிழை கண்டால் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்றார்கள். காரின் தரம் எங்கேயோ உயர்ந்துவிட்டது.

சரி, எதைப் பார்ப்பது? கார்பெட்டைத் தூக்குங்கள். தகடுகள் சேரும் இடத்தில் பூசிய சீலர் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) இடைவெளி இல்லாமல் ஓடுகிறதா? கதவு ஓரத்து ரப்பர் பீடிங் மூலையில் மடிந்திருக்கிறதா? நம் மழைக்கும் தோட்டத்துக் கல்ரோட்டுக்கும் அங்கேதான் முதலில் தண்ணீர் இறங்கும், பிறகு துரு. (பெயின்டின் பளபளப்பை நம்பாதீர்கள், அது எங்கள் வேலை!)

ஜப்பான் என்று சொல்லி விலையேற்றும் தரகர்கள் அங்கே ஏலத்தில் காரின் நிலையைக் குறித்துக் கொடுக்கும் ஏலத்தாளையும் சேர்த்துக் காட்டட்டும்.

கராஜ்காரன்,
ஹட்டன்.