பின் சில்லு தள்ளும் கார்

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ அனுப்பிய காரின் படத்தை அம்மா விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "நிறம் நல்ல வடிவு" என்றாள். நான் நிறத்தைப் பார்க்கவில்லை. டிக்கி மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். பீஎம்டபிள்யூ 323ஐ. அவ்வளவுதான். நாலு சில்லுக்கும் வலு போகும் காரில் எழுதும் எக்ஸ்டிரைவ் என்ற சொல் படத்தில் எங்கும் இல்லை. அப்படியென்றால் பின் சில்லு இரண்டும் மட்டும் தள்ளும் கார். அதை வடக்கு ஒன்ராறியோவின் சட்பரியில், அதுவும் நவம்பர் மாதத்தில் வாங்கியிருக்கிறாய்.

கோபமில்லை. முதலே கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அது தெரிந்துதான் நீ கேட்கவில்லை. சரி, வாங்கியாயிற்று. இதை வைத்துக்கொண்டு அங்கே விண்டர் ஓடவே முடியாது என்று வேலையிடத்தில் பயமுறுத்துகிறார்கள் என்றாய். அது பொய். நான் ரொறன்ரோவில் 14 விண்டர் ரக்சி ஓடியது கிறவுன் விக்டோரியாவில். அதுவும் பின் சில்லுக் கார்தான். அந்த நாளில் பொலிசுக்கும் அதுதான், ரக்சிக்கும் அதுதான். ஒன்ராறியோ லண்டனுக்குப் பக்கத்தில் சென்ற் தோமஸில் 2011 வரை அதைச் செய்தார்கள். முன் சில்லுக் கார்கள் பெருக முன்னர் இந்த நாட்டில் முக்கால்வாசிப் பேர் பின் சில்லில்தான் பனியைக் கடந்தார்கள். ஓடலாம். ஆனால் அந்தக் காருக்கு ஒரு குணம் இருக்கிறது, அது தெரிந்து ஓட வேண்டும்.

முன் சில்லுக் கார் மாட்டு வண்டி மாதிரி. மாடு முன்னால் இழுக்கும், வண்டி பின்னால் வரும். பனியில் வழுக்கினால் அது திரும்ப மறுத்து நேரே போகும். உன்னுடையது தள்ளுவண்டி. பின்னால் நின்று தள்ளுகிறவன் நேராகத் தள்ளும் வரைக்கும் சரி. அவனுடைய கால் வழுக்கினால் வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாகப் போய் முன்பக்கத்தையே முந்தப் பார்க்கும். அதோடு, முன் சில்லுக் காரில் எஞ்சினின் பாரம் இழுக்கிற சில்லுகளின் மேலேயே இருக்கும். பின் சில்லுக் காருக்கு அந்த வசதி இல்லை. உன் காரில் பாரம் முன்னும் பின்னும் ஏறக்குறையப் பாதிப்பாதி, அதனால் வெறும் பெட்டியோடு ஓடும் பிக்அப் ட்ரக்கை விட நீ எவ்வளவோ மேல். ஊரில் மாரிக்குப் பிறகு களிமண் ஒழுங்கையில் சைக்கிள் மிதித்த எங்களுக்கு இது புதிதில்லை. சைக்கிளும் பின் சில்லு வாகனம்தானே. எழும்பி நின்று மிதித்தால் பின் சில்லு சும்மா சுற்றும். சீற்றில் இருந்து மெதுவாக மிதித்தால் போகும்.

இனி உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1999 ஜனவரி. பனி கொட்டித் தள்ளி, மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தைக் கூப்பிட்ட மாதம். மற்ற மாகாணத்தார் இன்றைக்கும் அதைச் சொல்லி ரொறன்ரோவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அம்மாவுக்கு அப்போது தொழிற்சாலையில் இரவு வேலை. அவளை இறக்கிவிட்டு ரக்சியிலேயே உன்னையும் வைத்துக்கொண்டு ஸ்காபரோவுக்குத் திரும்புகிறேன். உனக்கு நாலு வயது, பின் சீற்றில் இருந்தாய். 401ஆம் ஹைவேயில் இருந்து இறங்கும் வளைந்த ரம்ப். ரோட்டு ஈரம் மாதிரித்தான் தெரிந்தது. பாதி வளைவில்தான் வேகம் கூட என்று உறைத்தது. பதறிப்போய் அக்சிலேற்றரில் இருந்து காலைச் சடாரென்று எடுத்தேன், எடுத்த காலாலேயே பிறேக்கை மிதித்தேன். பாரம் முழுக்க முன்னால் சாய, பின் சில்லுகள் பஞ்சு மாதிரி இலேசாகிவிட்டன. ஒரு சத்தமும் இல்லை. முன் கண்ணாடிக்குள் லைட் கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வலமிருந்து இடமாக ஓடின. கார் பாதிச் சுற்றுச் சுழன்று, நாங்கள் வந்த திசையைப் பார்த்தபடி, பின்பக்கத்தைப் பனிக் குவியலுக்குள் செருகிக்கொண்டு நின்றது. பின்னால் ஒரு ட்ரக் வந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

என் கை நடுங்குகிறது. பின் சீற்றில் இருந்து நீ கை தட்டிக்கொண்டு, "அப்பா, இன்னொருக்கா!" என்றாய்.

பனி மேல் பழியைப் போட்டு நான் தப்பவில்லை. ரயர் நாலும் மொட்டை, ஓல் சீசன். நாலு விண்டர் ரயருக்குக் காசு போடக் கஞ்சத்தனம். அதைவிடப் பெரிய குற்றம் என் காலில். வளைவுக்கு முன்பே, கார் நேராக நிற்கும்போதே வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பின் சில்லுக் காரில் எதையும் சடாரென்று செய்யக் கூடாது. மிதிக்கவும் கூடாது, விடவும் கூடாது. கியரைக் குறைத்து வேகம் தணிக்கும் பழக்கமும் ஐஸில் ஆபத்து, ஏனென்றால் எஞ்சினின் அந்தப் பிடி முழுவதும் பின் சில்லுக்குத்தான் போகும். பின்பக்கத்துக்கு மட்டும் பிறேக் போட்டது மாதிரி.

அடுத்த விண்டருக்குப் புத்தி வந்தது, அதுவும் பாதிப் புத்தி. தள்ளுகிற சில்லு பின்னால்தானே என்று பின்னால் இரண்டு மட்டும் விண்டர் ரயர் போட்டேன். நேரே போக அருமையாகப் போனது. திரும்பத்தான் மறுத்தது. எக்ளிங்ரன் வீதியில் ஒரு சந்தியில் ஸ்ரேறிங் ஒரு பக்கம், கார் வேறு பக்கம். கேர்ப்பில் அடித்து றிம் வளைந்தது. மிச்சம் பிடித்த காசை றிம்முக்குக் கொடுத்தேன். ஆகவே நாலும் போடு. ஒரே வகை, ஒரே நிலையில்.

பக்கச் சுவரில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் இருக்கும் அடையாளத்தைப் பார்த்து வாங்கு. சேறு, பனி என்பதைக் குறிக்கும் எம் அன் எஸ் எழுத்து மட்டும் இருந்தால் போதாது. 7 பாகைக்குக் கீழே ஓல் சீசன் ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். விண்டர் ரயரின் ரப்பர் மெதுமையாகவே இருக்கும். வித்தியாசம் பூவேலைப்பாட்டில் மட்டுமில்லை, ரப்பரிலும் இருக்கிறது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டம். ஒன்ராறியோவில் சட்டமில்லை, ஆனால் 2016இல் இருந்து விண்டர் ரயர் போட்டால் இன்சூரன்ஸ்காரர் கழிவு தர வேண்டும். கேட்டு வாங்கு, தாங்களாகத் தரமாட்டார்கள். அகலமான ரயர் பார்க்க எடுப்பாக இருக்கும், பனியில் மிதக்கும். ஒடுக்கமானது பனியை வெட்டிக்கொண்டு இறங்கும். ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உன் காருக்குப் பொருந்தும் அளவுகள் இருக்கும், அதில் ஒடுக்கமானதை எடு. இன்னொன்று, அந்தக் காரில் ஸ்பெயார் ரயர் கிடையாது. கம்பெனி போட்டுக் கொடுத்தது காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடும் ரன்ஃபிளாட். சாதாரண விண்டர் ரயருக்கு மாறினால் காற்றடிக்கும் சின்ன மோட்டரையும் ஓட்டை அடைக்கும் மருந்தையும் டிக்கியில் வை.

மணல் மூட்டை கேட்டாய். கிறவுன் விக்டோரியாவில் 30 கிலோ மூட்டை இரண்டு வைத்திருந்தேன். உன் காருக்கு ஒன்று போதும். பின் சீற்றின் முதுகோடு ஒட்டி, நகராதபடி வை. டிக்கியின் கடைசியில் வைத்தால் வழுக்கும்போது பின்பக்கம் ஊஞ்சல் மாதிரி இன்னும் வீசி ஆடும். புதைந்தால் சில்லுக்கு முன்னால் கொட்டவும் அதே மணல்தான்.

சட்பரியின் குளிர் ரொறன்ரோக் குளிர் மாதிரி இல்லை. எனக்கு அதில் ஒரு ஆறுதலும் இருக்கிறது. ஐஸ் மிக மோசமாக வழுக்குவது பூச்சியத்துக்குப் பக்கத்தில், மேலே மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கும்போது. மைனஸ் 25இல் நடந்து பார், பனி காலுக்குக் கீழே நறநறக்கும். ரயரும் அதில் பிடிக்கும். ஆகவே ஜனவரிக் கடுங்குளிரை விட, நவம்பர் கடைசியும் மார்ச் மாதமும்தான் எனக்குப் பயம். பகலில் உருகி இரவில் உறையும் நாட்கள். நீ இரவு வேலை முடித்து விடிய வரும் நேரம்தான் அதற்கும் நேரம். மைனஸ் 12 தாண்டினால் உப்பும் கைவிட்டுவிடும். அங்கே மணலைத்தான் தூவுவார்கள். பாலங்கள் ரோட்டுக்கு முன்பே உறையும், கீழாலும் காற்றடிக்கிறது அல்லவா. 69ஆம் ஹைவேயில் பிரெஞ்ச் ஆற்றுப் பாலத்தில் வேகத்தை மாற்றாமல், ஸ்ரேறிங்கை அசைக்காமல் கடந்துவிடு. வேகத்தைத் தானாகப் பிடித்து வைத்திருக்கும் குரூஸ் கொன்ரோலைத் தொடவே வேண்டாம்.

சரி, பின்பக்கம் போய்விட்டது என்று வை. முதலில் கண். மோதப் போகும் கம்பத்தைப் பார்க்காதே. போக வேண்டிய இடத்தைப் பார், கை தானாக அங்கே திருப்பும். பின்பக்கம் வலப்பக்கம் போனால் ஸ்ரேறிங்கும் வலப்பக்கம். காலை மெதுவாக எடு, பிறேக்கைத் தொடாதே. எல்லோரும் தவறவிடுவது இதற்குப் பிறகு வருவதைத்தான். கார் நேராக வரத் தொடங்கியதும் ஸ்ரேறிங்கையும் உடனே நேராக்க வேண்டும். ஒரு கணம் சுணங்கினால் வால் மற்றப் பக்கம் இன்னும் பலமாக அடிக்கும். பலர் பள்ளத்தில் போவது அந்த இரண்டாவது அடியில்தான். உன் காரில் டிஎஸ்சி இருக்கிறது, வழுக்கலைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி. நான் சொல்வதில் பாதியை அது உனக்கு முன்பே செய்துவிடும், என்னிடம் இருக்கவில்லை. ஆனால் அதுவும் ரயரின் பிடியை வைத்துத்தான் வித்தை காட்டும், இல்லாத பிடியை உண்டாக்காது.

புதைந்து நிற்கும்போது மட்டும் டிஎஸ்சி தொல்லை. சில்லு சுற்றினதும் எஞ்சினை நெரித்துவிடும், கார் அசையாது. பட்டனை ஒருமுறை அழுத்தினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மூன்று நாலு வினாடி அழுத்திப் பிடித்தால் முழுக்க நிற்கும். பிறகு முன்னுக்கும் பின்னுக்குமாக மெல்ல ஆட்டி எடு. வெளியே வந்ததும் திரும்பப் போட மறக்காதே. அதற்கு முதல் சவளால் புகைக்குழாய் வாயைத் துப்புரவாக்கு. குழாய் பனியில் அடைபட்டிருக்க எஞ்சினை ஓடவிட்டால் நச்சுப் புகை உள்ளே வரும், மணம் தெரியாது. பனி வழிக்கும் லொறி டிரைவ்வேயின் வாயில் விட்டுப்போகும் வரம்பை ஏறிக் கடக்கலாம் என்று நினைக்காதே. உன் கார் உயரம் குறைந்தது, வயிறு மாட்டிச் சில்லு அந்தரத்தில் சுற்றும். வெட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கடுங்குளிரில் ஹான்ட்பிறேக் இழுக்காதே, கேபிள் உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரைப் பார்க்கில் போட்டால் போதும்.

இதெல்லாம் எழுதினால் மண்டைக்குள் ஏறும், காலில் ஏறாது. சனிக்கிழமை விடிய வருகிறேன். மூட்டையும் சவளும் என் காரில் இருக்கின்றன. அம்மா புட்டும் மீன் குழம்பும் கட்டித் தருவாள். ஆள் இல்லாத, கம்பம் இல்லாத பெரிய பார்க்கிங் ஒன்றைப் பார்த்து வை; அனுமதி கேட்டு வைத்தால் இன்னும் நல்லது. 20இல் போய் வேண்டுமென்றே பின்பக்கத்தை வழுக்கவிட்டுத் திருப்பி எடுப்போம், உன் கைக்கு அது பழகும் வரை. நீ களைக்க முன்னர் நான் களைத்துவிடுவேன்.

ரயர் கடைக்குப் போக முதல், இப்போது காரில் இருக்கும் ரயரின் பக்கச் சுவரைப் படம் எடுத்து அனுப்பு. எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குக் காட்டாதே. அந்த ரக்சியின் பின் லைட் உடைந்தது பார்க்கிங்கில் யாரோ இடித்து என்றுதான் அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா